வீட்டுக்கு வந்த பௌலிங் மெஷின்: சில குறிப்புகள், ஒரு விமர்சனம்

போன ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனபோது என் கார் டிக்கியில் ஒரு பௌலிங் மெஷின் இருந்தது. அண்ணன் மகனுக்காக வாங்கினது. பதிமூணு வயசு, பேட்டிங் பைத்தியம். "மணலூர்பேட்டையில எனக்குப் பந்து போட ஆளே இல்ல சித்தப்பா" என்று ரெண்டு மாசமாகப் போனில் புலம்பிக்கொண்டிருந்தான். நான் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் நாலு நாள் தேடி, ஒப்பிட்டு, ஒன்றை ஆர்டர் செய்தேன்.

வழக்கமாக நடுகல், ஏரி மதகு, பழைய நில வரைபடம் என்று எழுதுகிற இடத்தில் இது என்ன கிரிக்கெட் என்று கேட்கலாம். எனக்கு இதுவும் அதே மாதிரி ஒரு தேடல்தான். ஒரு பொருளை எடுத்து, அது எங்கிருந்து வந்தது, என்ன செய்வதாகச் சொல்கிறது, உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்பது. கம்பெனி பெயரையும் விலையையும் எழுதப்போவதில்லை. அந்த மெஷின் சொன்னதைச் செய்கிறது. என் விமர்சனம் அந்த வகைப் பொருள் மேல். அதில் பாதி, அதை வாங்கின என் மேல்.

இரண்டு சக்கரம், ஒரு பந்து

முதலில் இயங்கும் விதம். பெரும்பாலான பௌலிங் மெஷின்களில் எதிரெதிராகச் சுழலும் ரெண்டு ரப்பர் சக்கரங்கள் இருக்கும். நடுவில் பந்தைவிடச் சற்றுக் குறைவான இடைவெளி. பந்தை உள்ளே விட்டால் சக்கரங்கள் அதைக் கவ்வி வெளியே துப்பும். ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினால் பந்து சுழலாமல் நேராக வரும். மேல் சக்கரம் வேகமாகச் சுற்றினால் டாப் ஸ்பின். தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால் அந்தச் சுழற்சியே பந்தை வலமோ இடமோ வளைக்கும். கணக்கு எளிது: பந்தின் வேகம் ஏறக்குறைய ரெண்டு சக்கர விளிம்புகளின் வேகத்துக்கு நடுவில் இருக்கும், சுழற்சி அந்த ரெண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது.

இவ்வளவு சுத்தமான கணக்குக்கு ஒரு எதிரி உண்டு: கிரிக்கெட் பந்தின் தையல். தையல் சக்கரத்தில் எப்படிப் படுகிறது என்பதைப் பொறுத்துப் பந்து திசை மாறும். அதனால்தான் இந்த மெஷின்களுக்கு என்றே கோல்ஃப் பந்து மாதிரிக் குழி போட்ட, தையலே இல்லாத பந்துகளைத் தயாரிக்கிறார்கள். தரையில் பட்டபின் தையல் செய்யும் வேலை எதையும் அவை செய்யாது. அதாவது மெஷின் துல்லியமாக இருக்க, முதல் பலி பந்தின் குணம்.

நம் வீட்டு மெஷின் டென்னிஸ் பந்துக்கானது. புதுப் பந்துக்கு ஒரு வேகம், ரோமம் தேய்ந்த பந்துக்கு ஒரு வேகம். ஈரமானால் சக்கரத்தில் வழுக்கும். 12 வோல்ட் பேட்டரி இறங்க இறங்க வேகமும் இறங்கும். இதெல்லாம் குறையில்லை. உண்மையான பௌலரும் மத்தியானத்துக்கு மேல் தளர்ந்துதான் போவார்.

தூரம்தான் முக்கியம். ரெண்டு பக்க ஸ்டம்புக்கும் நடுவில் 20.12 மீட்டர். ஒரு கிரீஸிலிருந்து மறு கிரீஸுக்கு ஏறக்குறைய 17.7. நம் வீட்டுப் பின்கட்டில் அவ்வளவு இடம் கிடையாது. கஷ்டப்பட்டு 12 மீட்டர் கிடைத்தது. மெஷின் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் போட்டால் 12 மீட்டரைக் கடக்க 0.62 விநாடி. முழுப் பிட்ச்சில் அதே 0.62 விநாடி வேண்டுமென்றால் பௌலர் 103 கி.மீ. வேகத்தில் போட வேண்டும். (காற்றிலும் தரையிலும் குறையும் வேகத்தை விட்டுவிட்டேன்.) எட்டாவது படிக்கிற பையனுக்கு இது நல்ல வேகம். "பாருடா, பின்கட்டிலேயே 100 கி.மீ. பௌலிங்" என்று நானே பெருமைப்பட்டேன். ஆனால் நேரம் பொருந்தினாலும் பந்து விழுந்து எழும்பும் கோணம் பொருந்தாது. அமெரிக்காவில் வீட்டுப் பின்புறத்தில் வைக்கும் பேஸ்பால் மெஷினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பந்து தரையில் படாமல் மட்டைக்கு வருகிறது. சின்னப் பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீகில் தூரமே 46 அடிதான், அதாவது 14 மீட்டர். பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம். வீட்டுப் பின்புற மெஷின் என்ற யோசனையை நாம் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டபோது நடுவில் இருக்கும் தரை என்ற ஒன்றை மறந்துவிட்டோம்.

வெடிமருந்தில் இயங்கிய மெஷின்

இந்த யோசனையின் பழைய கதைகளில் ஒன்று ஒரு கணித ஆசிரியரிடம் போய் நிற்கும். சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன். நான்காவது பரிமாணம் பற்றி எழுதியவர், 'டெசரக்ட்' என்ற சொல்லை உருவாக்கியவர். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கணிதம் கற்பித்தபோது, 1897இல் பல்கலைக்கழக பேஸ்பால் அணிக்காக வெடிமருந்தால் இயங்கும் ஒரு பந்து வீசும் பீரங்கியைச் செய்தார். குழாய் வாயில் ரப்பர் பூசிய ரெண்டு எஃகு விரல்கள். பந்துக்கு வளைவு கொடுக்க. ஆட்டக்காரர்கள் சிலருக்கு அதனால் காயம் ஏற்பட்டதாகச் சொல்வார்கள். பீரங்கியை எதிர்த்து நின்று ஆட யாருக்கும் பெரிய ஆசை இருந்திருக்காது.

1920களில் பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட், இப்போது முதலைச் சின்னச் சட்டையால் தெரிகிறவர், தனியாகப் பயிற்சி செய்யக் கையால் சுற்றும் பந்து மெஷினை உருவாக்கினார்.

இந்த ரெண்டு பேரிடமும் ஒரே எண்ணம்தான். பந்து போடுகிறவரின் கை வலிக்கும், பொறுமை போகும், அவருக்கு வேறு வேலை இருக்கும். ஆனால் அடிக்கிறவருக்கு இன்னும் நூறு பந்து வேண்டும். போடுகிறவரை நீக்கிவிட்டுப் பந்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? மெஷின் என்பது அந்தக் கேள்விக்கு வந்த பதில். கேள்வியே சரியா என்பதுதான் இந்தக் கட்டுரை.

கண் எதைப் பார்க்கிறது?

2000இல் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேட்ஸ்மேன்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். வெவ்வேறு திறமையுள்ள மூன்று பேர். "பந்தை விடாம பாரு" என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்களே, அதை யாருமே செய்யவில்லை. பந்து வெளிவரும் நொடியைப் பார்த்தார்கள். பிறகு கண் பந்தை விட்டுவிட்டு, அது விழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிவிட்டது. திறமையானவருக்கு அந்தத் தாவல் சீக்கிரம் நடந்தது. நல்ல பேட்ஸ்மேன் என்பவர் நன்றாகப் பார்ப்பவரைவிட நன்றாக முன்னறிபவர்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த ஆய்வுக்குப் பந்து போட்டது பௌலிங் மெஷின். அதாவது பந்து வெளிவந்த பிறகு நடக்கும் முன்னறிதலைத்தான் அது காட்டுகிறது. பந்து வெளிவருவதற்கு முன்னால்?

அதை 2006இல் முல்லர், அபர்னதி, ஃபாரோ ஆகியோர் பார்த்தார்கள். பௌலரின் படத்தை ஓட்டி, பந்து கையை விடுவதற்கு முன்பே சில இடங்களில் காட்சியை மறைத்தார்கள். உயர்மட்ட பேட்ஸ்மேன்கள் பௌலரின் மணிக்கட்டையும் கையையும் வைத்தே என்ன பந்து வரும் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. கத்துக்குட்டிகளால் முடியவில்லை. 2009இல் பிண்டர், ரென்ஷா, டேவிட்ஸ் மூவரும் சராசரி பதினைந்தரை வயதுள்ள 12 இளம் ஆட்டக்காரர்களை மெஷினுக்கும் பௌலருக்கும் மாற்றி மாற்றி ஆடவைத்தார்கள். அசைவுகள் தொடங்கும் நேரம், முன்கால் எட்டு வைக்கும் தூரம், மட்டையைத் தூக்கும் உயரம் எல்லாம் ரெண்டிலும் வேறுவேறாக இருந்தன. பையன்கள் மெஷினிடம் ஆடும்போது வேறு ஒரு ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறார்கள் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

நம் தொழில் பாஷையில் இதற்கு ஓவர்ஃபிட்டிங் என்று பேர். பயிற்சித் தரவில் நூற்றுக்கு நூறு, வெளியே வந்தால் பூஜ்யம். இதையெல்லாம் மெஷின் வாங்குவதற்கு முன் நான் படித்திருக்க வேண்டும். படித்தது பொங்கலுக்குப் பிறகு.

பொங்கல் மேட்ச்

எங்கள் ஊரில் தை 5ஆம் தேதி தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டை ஆற்றுக்கு வருவார். சுத்துப்பட்டு ஊர் ஜனம் மொத்தமும் மணலில் இருக்கும். அதற்கு முந்தின ரெண்டு மூணு நாளில் பையன்கள் தெருவுக்குத் தெரு மேட்ச் போடுவார்கள். ஆத்து மணலில் பந்து எழும்பாது. நெல்லுக் களத்தில் நன்றாக எழும்பும், ஆனால் தையில் களத்தில் நெல்லு கிடக்கும். அதனால் கரைமேல் இருக்கிற கெட்டித் தரையில்தான் மேட்ச்.

மூணு மாசம் மெஷினில் ஆடின எங்கள் பையன் ஓப்பனிங் இறங்கினான். கவர் டிரைவுக்குக் கால் போகிற அழகைப் பார்த்து அண்ணன் என் தோளைத் தட்டினார். நாலாவது பந்தில் போல்டு. அடுத்த மேட்ச், அதே பௌலர், ரெண்டாவது பந்தில் கேட்ச். சாயங்காலம் மூணாவது மேட்ச். மறுபடி அவனே, மறுபடி போல்டு.

போட்டவன் தெக்குத் தெருப் பையன், இவன் வகுப்புதான். பெரிய வேகமெல்லாம் இல்லை. ஒரே மாதிரி ஓடி வருவான். ஒரு பந்தைக் கிரீஸில் விடுவான், அடுத்ததை ரெண்டு தப்படி முன்னாலேயே விட்டுவிடுவான். கை ஒரே வேகத்தில்தான் சுற்றும், பந்து மட்டும் லேட்டாக வந்து சேரும். டென்னிஸ் பந்து ஆடினவர்களுக்கு இந்தத் திருட்டு தெரியும்.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"மெஷின்ல எப்ப வரும்னு தெரியும் சித்தப்பா. இவன்கிட்ட எப்பன்னே தெரியல."

எப்படித் தெரியும்? மறுநாள் காலையில் பின்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பந்தை மெஷின் வாயில் விடுகிற கையை அவன் பார்க்கிறான். கை விரல் திறந்ததிலிருந்து பந்து உருண்டு சக்கரத்தில் பட்டு வெளிவர எப்போதும் ஒரே நேரம். அந்தத் தாளத்துக்குக் காலைத் தூக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். மெஷின் அவனுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பௌலர் அந்தக் கைதான்.

அந்தக் கை யாருடையது என்று கவனித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அதே தெக்குத் தெருப் பையன்.

"பந்து போட ஆள் இல்ல"

மெஷின் வருவதற்கு முன்னால் சாயங்காலத்தில் அவனும் இன்னும் ரெண்டு பையன்களும் வருவார்கள். ரெண்டு ஓவர் போடுவார்கள், பிறகு "எனக்கு பேட்டிங் குடு" என்பார்கள். அதுதான் வழக்கம். நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுறேன். எங்கள் பையனுக்கு அதில் இருபது பந்துதான் தேறும். "ஆள் இல்ல" என்று போனில் அவன் புலம்பினதன் முழு அர்த்தம், தன் முறையைக் கேட்காமல் போட ஆள் இல்லை என்பது. நான் அதைக் கேட்காமல் விட்டேன். மெஷின் அதைச் சரியாகக் கேட்டுக்கொண்டது.

மெஷின் வந்தபின் மத்த ரெண்டு பேரும் நின்றுவிட்டார்கள். இவன் மட்டும் வந்தான். பந்து பொறுக்கிப் போடவும், மெஷின் வாயில் விடவும். கடைசியில் பத்து பந்து அவனுக்கும் பேட்டிங் உண்டு என்று ஏற்பாடு. இருட்டிவிட்டால் அதுவும் இல்லை. ஒரு பௌலரை நாங்கள் பந்து பொறுக்குகிறவனாக மாற்றியிருந்தோம். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒரு பொருள் வந்து உட்கார்ந்ததும் மனிதர்கள் தாங்களாகவே அதைச் சுற்றி இடம் மாறிக்கொண்டார்கள்.

மெஷினுக்கு முந்தின காலத்தில் இந்த வேலையை மனிதர்கள்தான் செய்தார்கள். பல்வாங்கர் பாலு கதையை ராமச்சந்திர குஹாவின் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தலித் குடும்பத்தில் பிறந்தவர், புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலைக்காரர். கிரேக் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரருக்கு மணிக்கணக்காக வலையில் பந்து போட்டார். மட்டை பிடிக்க அவருக்கு அங்கே வாய்ப்புத் தரப்படவில்லை என்று எழுதுகிறார் குஹா. தன் முறையைக் கேட்க முடியாத பௌலர். வெடிமருந்து இல்லாத பௌலிங் மெஷின் என்றே சொல்லலாம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாலு போட்டுப் போட்டே இந்தியாவின் முதல் பெரிய சுழல் பந்துவீச்சாளர்களில் ஒருவரானார். 1911இல் இங்கிலாந்து போன அணியில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தார். அநியாயமான ஏற்பாடுதான், இருந்தாலும் அந்த வலைக்குள் ரெண்டு பேரும் கற்றுக்கொண்டார்கள். மெஷின் எத்தனை லட்சம் பந்து போட்டாலும் ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

நம் காலத்து உதாரணம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு முதலில் தேர்வானது வலைப் பந்துவீச்சாளராக. பேட்ஸ்மேன்களுக்குப் பயிற்சிக்குப் பந்து போடும் வேலை. காயங்களால் இடம் காலியாகி, டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் போட்டி, ரெண்டு நாள் கழித்து டி20, ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகைப் போட்டியிலும் அறிமுகமான முதல் இந்தியர். அதே பிரிஸ்பேனில் அறிமுகமான வாஷிங்டன் சுந்தரும் டெஸ்ட் தொடருக்கு வலைப் பந்துவீச்சாளராக நிறுத்தி வைக்கப்பட்டவர்தான். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூணு விக்கெட். இந்திய அணி அந்த ரெண்டு பேருக்குப் பதில் ரெண்டு மெஷினை விமானத்தில் ஏற்றிப் போயிருந்தால், பிரிஸ்பேனில் போட ஆள் இருந்திருக்காது.

1998, 2005

"பெரிய டீமெல்லாம் மெஷின் யூஸ் பண்றாங்களே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரெண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ரெண்டிலும் எதிரி ஷேன் வார்ன்.

1998 ஆஸ்திரேலியத் தொடருக்கு முன் சச்சின், நம் சென்னைக்காரர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை லெக் ஸ்டம்புக்கு வெளியே தரையைக் கீறிவிட்டு அதில் போடச் சொல்லிப் பயிற்சி எடுத்தார். சேப்பாக்கம் டெஸ்ட், முதல் இன்னிங்ஸ்: 4 ரன், வார்னிடமே அவுட். ரெண்டாவது இன்னிங்ஸ்: ஆட்டமிழக்காமல் 155.

2005 ஆஷஸில் இங்கிலாந்து 'மெர்லின்' என்ற சுழற்பந்து மெஷினைப் பயன்படுத்தியது. வார்னின் பந்து எப்படித் திரும்புமோ அப்படியே திருப்பிப் போடக்கூடியது என்றார்கள். இங்கிலாந்து தொடரை 2-1 என்று வென்றது. அதனால் மெஷின் தோற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் அதே தொடரில் வார்ன் எடுத்தது 40 விக்கெட். சுழற்சியை மெஷின் கொடுத்தது. முந்தின ஓவரில் நீ எப்படித் தடுமாறினாய் என்பதை ஞாபகம் வைத்திருக்கிற ஆளை அது கொடுக்கவில்லை. சிவராமகிருஷ்ணனிடம் அது இருந்தது; அவரே டெஸ்டில் விக்கெட் எடுத்தவர், பேட்ஸ்மேன் எங்கே சங்கடப்படுவான் என்று தெரியும்.

பொங்கலுக்குப் பிறகு நானும் இதை மென்பொருளால் சரிசெய்யப் பார்த்தேன், வழக்கமான வியாதி. ஒரு சின்ன மோட்டார், ஒரு ஆர்டுயினோ போர்டு. பந்து எப்போது சக்கரத்துக்குள் போகும் என்பதை ரேண்டமாக மாற்றினேன். எங்கள் பையன் முதலில் தடுமாறினான், பிறகு காலைத் தூக்காமலேயே சிலை மாதிரி நின்று பந்து வெளியே வந்தபின் அடிக்க ஆரம்பித்தான். அது இன்னும் மோசம். எங்கே தப்பு என்று புரிய ஒரு வாரம் ஆனது. ரேண்டம் நம்பருக்கு யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. பௌலர் ஏமாற்றப் பார்க்கிறார், அதனால் எங்கேயோ ஒரு தடயத்தை விடுகிறார். அந்தத் தடயத்தைக் கண்டுபிடிப்பதுதான் பேட்டிங். என் ஆர்டுயினோ தடயத்தையே அழித்துவிட்டது.

இந்திய அணி பின்பற்றும் நடுவழியும் இதைத்தான் காட்டுகிறது. சைட் ஆர்ம் என்ற நீண்ட கரண்டி மாதிரிக் கருவி. அதில் பந்தை வைத்து, ஓடி வந்து, மனிதக் கை வீசுகிறது. கர்நாடகத்தின் ராகவேந்திரா இப்படி வீசுவதையே தன் வேலையாகக் கொண்டு இந்திய அணியோடு பல வருஷம் இருக்கிறார். கோலியே அவரைப் புகழ்ந்திருக்கிறார். வேகத்தை மட்டும் கருவியிடம் வாங்கிக்கொண்டு, ஓட்டம், தோள், பார்வை எல்லாவற்றையும் மனிதரிடமே விட்டுவிட்டார்கள்.

மெஷினுக்காக வாதாடினால்

ஒருதலையாக எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை. மூணு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, உடம்பு. வளரும் பையன்களை அளவில்லாமல் பந்து போடவைத்தால் முதுகெலும்பில் விரிசல் வரும். வயசுக்குத் தகுந்தபடி ஓவர் வரம்பு வைத்திருக்கும் கிரிக்கெட் வாரியங்கள் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஷாட்டின் கால் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு பையனின் முதுகைச் செலவழிப்பதைவிட மெஷின் மேல்.

ரெண்டு, ஃபீல்டிங். இதை நாங்கள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். ஒருநாள் மெஷினின் தலையை வானத்தைப் பார்க்கத் திருப்பினோம். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே போனால் காற்றில்லாக் கணக்குப்படி 20 மீட்டர் உயரம். டென்னிஸ் பந்தின் ரோமம் காற்றைப் பிடிப்பதால் கணிசமாகக் குறையும். அப்படியும் தென்னைமரத்துக்கு மேலே போகிறது. பேட்டால் இவ்வளவு சீராக உயரக் கேட்ச் அடிக்க எங்கள் தெருவில் யாராலும் முடியாது. பேட்டிங்கில் மெஷின் மறைக்கிற தகவல் பௌலரின் உடம்பில் இருக்கிறது. உயரக் கேட்ச்சில் வேண்டிய தகவலில் பெரும்பகுதி பந்து காற்றில் போகும் பாதையிலேயே இருக்கிறது. அதை மெஷின் முழுசாகக் கொடுக்கிறது. பிடிக்கப் போகும் பையன் எதையும் தப்பாகக் கற்றுக்கொள்வதில்லை. விற்கிறவர்கள் இதைப் பேட்டிங் மெஷின் என்று விற்கிறார்கள். என் கணிப்பில் இது முதலில் ஒரு கேட்ச் மெஷின்.

மூணாவதுதான் என்னைக் குழப்புகிறது. அண்ணனுக்கு மூத்தது ஒரு பெண். ப்ளஸ் ஒன். ஆத்தங்கரை மேட்ச்சில் அவளை யாரும் சேர்க்கமாட்டார்கள், அவளும் கேட்கமாட்டாள். மெஷின் வந்த ரெண்டாவது வாரம், தம்பி டியூஷன் போயிருந்த நேரத்தில் மட்டையை எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அம்மாவைப் பந்து விடச் சொல்லியிருக்கிறாள். இப்போது வாரம் நாலு நாள் ஆடுகிறாள். யாரிடமும் இடம் கேட்காமல், யாரும் சிரிக்காமல், அவளுக்கு முதல்முதலாகப் பந்து போட்டது அந்த மெஷின்தான். பௌலரை நீக்கினதால் ஒரு பையன் வெளியே போனான் என்றால், அதே காரணத்தால் ஒரு பெண் உள்ளே வந்திருக்கிறாள். ரெண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது

முழுப் பரீட்சை லீவுக்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இது. பேட்டிங்குக்கு மெஷின் வாரத்தில் ரெண்டு நாள், அதுவும் ஒரே ஷாட்டைத் திருத்த மட்டும். மற்ற நாளில் தலை வானத்தைப் பார்த்திருக்கும், எல்லோரும் கேட்ச். பந்து போடுகிறவனுக்குச் சமமான பேட்டிங், இருட்டினால் மறுநாள் அவன்தான் முதலில். பந்து பொறுக்குவது அடித்தவன் வேலை. இந்தக் கடைசி விதிக்குத்தான் எங்கள் பையன் ரொம்ப முரண்டு பிடித்தான். அக்காளுக்கு மெஷின் எப்போது வேண்டுமானாலும். தெக்குத் தெருப் பையன் அவளுக்கும் ரெண்டு ஓவர் போட ஆரம்பித்திருக்கிறான் என்று அண்ணி சொன்னார்.

மெஷின் வாங்க நினைக்கிற பெற்றோருக்கு: வாங்குவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "உனக்குப் பந்து போட ஆள் இல்லையா, இல்ல உன்கிட்ட பேட்டிங் கேக்காத ஆள் இல்லையா?" முதலாவது என்றால் வாங்கலாம். ரெண்டாவது என்றால் அந்தப் பணத்தில் ரெண்டு டஜன் டென்னிஸ் பந்தும் இன்னொரு மட்டையும் வாங்கிக்கொடுங்கள். நான் இதைக் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "சித்தப்பா, கண்டுபிடிச்சிட்டேன். ஸ்லோ பால் போடறப்ப அவன் கடைசி எட்டு சின்னதா வைக்கிறான்."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லுவனா? ஆனா அவனுக்கே தெரிஞ்சிருக்கும். நேத்து மாத்திட்டான்."